வரம்பு கட்டாத சிறுபோகம்

எங்கள் குளத்தின் துருசுக் கட்டில், தண்ணீர் திறந்துவிடும் மதகின் சுவரில், தண்ணீர் மட்டம் பார்ப்பதற்கு ஓர் அளவுகோல் பதித்திருந்தார்கள். குளம் நிரம்பி வான் பாயும்போது அது பதினான்கு அடி காட்டும். போர்நிறுத்தம் வந்து வவுனியாப் பாதை திறந்த பிறகு வந்த இரண்டாவது ஆண்டில், பங்குனிக் கடைசியில் நான் போய்ப் பார்த்தபோது ஆறரை அடி காட்டியது. சைக்கிளைக் கட்டில் சாய்த்துவிட்டு இன்னொரு முறை இறங்கிப் பார்த்தேன். ஆறரைதான். கோடையில் குளத்துத் தண்ணீரால் செய்யும் சிறுபோகத்துக்கு அது போதாது.

அதற்கு முந்திய காலபோகத்தில், மாரி மழையை நம்பிச் செய்யும் பெரிய போகத்தில், மழை பெய்யாமல் விடவில்லை, நேரம் தப்பிப் பெய்தது. புரட்டாதியில் உழுது புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது எங்கள் வழக்கம். அந்த முறை புரட்டாதிக் கடைசியிலேயே ஒரு மழை கொட்டி நெல்லை முளைக்க வைத்தது. அதன் பிறகு பல நாள் வானம் வெளுத்துக் கிடந்தது. முளைத்தது கருகியது. கார்த்திகையில் மறுபடி விதைத்தோம். மழை நிற்க வேண்டிய தை மாதத்தில், பொங்கல் கழிந்து அரிவு வெட்டும் நேரத்தில், இரவு பகலாகப் பெய்தது. வெட்டிப் போட்ட கதிர் வயலில் கிடந்தபடியே முளைத்தது. இதற்கு முதலும் இரண்டு மூன்று போகங்கள் இப்படிக் குழம்பியிருந்தன. இப்போது இதைக் காலநிலை மாற்றம் என்று சொல்கிறார்கள். அப்போது எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. “மழை சொல்லுக் கேக்குதில்லை” என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

விதைக்கென்று ஒதுக்கி வைத்த நெல்லை நாங்கள் மாசியில் குற்றிச் சாப்பிட்டுவிட்டோம். வவுனியாவில் கடை வைத்திருந்த என் மனைவியின் தமையனார், கடையைப் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும், குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பியிருந்தார். குடியேற்றத் திட்டத்தில் காணி கொடுத்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி என் தகப்பனார் உண்டாக்கிய வயல் எங்களுடையது. நான் சிறுவனாக வந்து, அதிலேயே வளர்ந்தவன். அளவுகோலைப் பார்த்துவிட்டு வந்த அன்று மனைவி குசினியில் சமைத்தபடியே கேட்டாள்.

“எவ்வளவு?”

“ஆறரை.”

அவள் அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு, “இந்தச் சிறுபோகத்தைப் பாப்பம். இதுவும் இல்லையெண்டால் அண்ணையிட்டைப் போவம்” என்றாள். நானும் ஓம் என்றேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இரண்டு பேருக்கும் அது முடிவான பேச்சு என்று தெரியும்.

வாய்க்காலின் கடைசி வயல் எங்களுடையது. ஆறரை அடித் தண்ணீர் அதுவரைக்கும் வந்து சேராது. இப்படியான ஆண்டுகளுக்காக எங்கள் பக்கத்தில் ஒரு வழமை உண்டு. தண்ணீர் காணாத சிறுபோகத்தில் துருசுக்குக் கிட்ட உள்ள காணியை மட்டும் செய்வார்கள். அந்தக் காணியை வாய்க்காலில் உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் அந்த ஒரு போகத்துக்கு மட்டும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். காணிக்காரருக்கு இரண்டு பங்கு. அறுவடை முடிந்ததும் காணி முழுவதும் திரும்ப அவர் கைக்குப் போகும். பங்குச் சிறுபோகம் என்று சொல்வோம். எங்கள் வாய்க்காலில் துருசடியில் இருந்தது ஆறு ஏக்கர். எங்கள் பத்துக் குடும்பத்துக்கும் அரை அரை ஏக்கரும், காணிக்காரருக்கு ஒரு ஏக்கரும் என்று கணக்கு நேராக வரும்.

ஆனால் அந்தக் காணிக்காரர் பதின்மூன்று ஆண்டுகள் ஊரில் இருக்கவில்லை. அவர் முஸ்லிம். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு சேர்த்து அவரையும் இயக்கத்துக்காரர் ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள். புத்தளத்தில் இருந்தவர், பாதை திறந்த மறு ஆண்டு தனியாகத் திரும்பி வந்தார். மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காக அங்கேயே நின்றுகொண்டார்கள். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிட்டோம். அவர் இல்லாத காலத்தில் பங்குச் சிறுபோகம் வந்தபோது எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த முறை கேட்க வேண்டும். விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர் என்ற முறையில் அந்த வேலை எனக்கு வந்தது.

பின்னேரம் போனேன். தகரக் கொட்டிலின் வாசலில், கட்டியிருந்த ஆட்டுக்குப் பக்கத்தில் இருந்து மண்வெட்டிப் பிடிக்கு ஆப்பு இறுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்கோ தம்பி. தண்ணிக் கதையோ, காணிக் கதையோ?”

“ரெண்டும்தான் நானா.”

“அப்ப தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம். வெறும் வயித்தோட காணிக் கதை கதைச்சால் சண்டையிலதான் முடியும்.”

வெறும் தேநீரும், புத்தளத்திலிருந்து மனைவி கொடுத்துவிட்ட பேரீச்சம்பழமும் தந்தார். நான் விடயத்தைச் சொன்னேன். அவர் பேரீச்சங்கொட்டைகளை ஒதுக்கி வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு எழுந்து, “வாங்கோ ஒண்டு காட்டுறன்” என்று வயலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

வயலின் நடுவில் ஓரிடத்தில் புல் மற்ற இடத்தைவிட ஒரு நிறம் கறுத்து, நீளக் கோடு போலக் கிடந்தது.

“இது என்னெண்டு தெரியுதோ?”

“வரம்பு இருந்த இடம்.”

“என்ர வாப்பா கட்டின வரம்பில்லை இது. நான் இல்லாத நேரம் செய்தவை கட்டினது. அவையில எனக்குக் கோவமில்லைத் தம்பி. அதுகளும் இடம்பெயந்து வந்த சனம்தானே. பாதை திறக்கத் தங்கட ஊருக்குப் போட்டுதுகள். ஆனா வரம்பு போகேல்லை. வந்து பாக்கிறன், என்ர காணியில என்ர வரம்பு எது, பிறத்தியான்ர வரம்பு எது எண்டு எனக்கே தெரியேல்லை. ஒரு கோடை முழுக்க நிண்டு எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சன்.”

அதை நானே பார்த்திருக்கிறேன். போகிற வழியில் அவர் தனியாக நின்று வெட்டுவது தெரியும். ஏன் ஆள் பிடித்துச் செய்யவில்லை என்று யோசித்திருக்கிறேன்.

“சிறுபோகத்துக்கு மட்டுந்தானே நானா. ஆவணியில காணி உங்கட கையில.”

“ஓம். நாங்களும் கொஞ்ச நாளைக்கு மட்டுந்தான் எண்டு சொல்லித்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனனாங்கள்.”

நான் திரும்பி நடந்தேன். சைக்கிள் வரைக்கும் கூட வந்தார்.

“இல்லையெண்டு சொல்லேல்லை. ஓமெண்டும் சொல்லேல்லை. கூட்டத்துக்கு வந்து சொல்லுறன்” என்றார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவர் தராட்டி அவரில பிழை சொல்லக் கூடாது, என்ன” என்றாள். வவுனியாவுக்குப் போவதற்கு அவள் தன்னைத் தயார்ப்படுத்துகிறாள் என்று எனக்குப் பட்டது.

சிறுபோகக் கூட்டம் குளக்கட்டு மருதமரத்தின் கீழ் நடந்தது. குளத்துக்கு இரண்டு துருசு; இரண்டிலும் தண்ணீர் எடுப்பவர்கள் வந்திருந்தார்கள். நான் தண்ணீர்க் கணக்கை வாசித்தேன். இரண்டாம் துருசுக்காரர் மூன்று மாத நெல் என்று உடனே முடிவு செய்துகொண்டார்கள். அவர்களுடைய துருசடிக் காணி பலருக்குச் சொந்தம் என்பதால் பிரிப்பதில் சிக்கல் இல்லை. அடுத்தது எங்கள் முறை. எங்கள் அமைப்பின் தலைவர், குரல் பெரியவர், மனம் அவ்வளவு கடினமில்லாதவர், தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

“வழமை வழமைதான். காணிக்காரர் மறுக்கேலாது. ஆனாலும் ஒரு மரியாதைக்குக் கேக்கிறம்.”

“மறுக்கேலாது எண்டால் பிறகென்ன கேள்வி?” என்றார் நானா. சிலர் சிரித்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

“தாறன். வழமைப்படி பிரிச்சுச் செய்யுங்கோ. ஆனா ஒரு வரம்பு கட்டக் கூடாது. தண்ணி ஓடக் கான் வெட்டுங்கோ, உழுங்கோ, என்னத்தையும் விதையுங்கோ. வரம்பு மட்டும் கூடாது.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நெல்லுக்குத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். ஒவ்வொருவரின் பங்கிலும் அவரவர் தண்ணீர், அவரவர் பசளை நிற்க வேண்டும். அதற்கு எல்லையில் வரம்பு வேண்டும். பழைய வரம்புகளை நானா வெட்டி எறிந்துவிட்டார், அவை இருந்தாலும் எங்கள் அரை ஏக்கர்க் கணக்கோடு ஒத்துவராதவை. வரம்பு கட்டாதே என்றால் நெல் விதைக்காதே என்பதுதான் அர்த்தம்.

“வரம்பில்லாமல் தண்ணியை எங்கை நானா நிப்பாட்டுறது? சாரத்தில ஏந்தி வச்சிருக்கிறதோ?” என்றார் தலைவர்.

“என்ர சாரம் ஒண்டு காணாது தலைவர். உங்கட வேட்டியையும் அவிட்டுத் தாங்கோ.”

கூட்டம் சிரித்து அடங்கியது. அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் கூட்டம் வேறு விதமாக முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரி ஒரு அக்கா. புருஷன் போன பிறகு தனியாகக் கமம் செய்தவர். அதுவரை மரத்தடியில் கால் நீட்டி இருந்தவர் எழும்பாமலே கேட்டார்.

“நெல்லுத்தான் விதைக்கோணுமெண்டு ஆர் சொன்னது? பயறு போடுவம். பயறுக்குத் தண்ணி நிண்டாத்தானே கேடு.”

“பயறு விதைக்கவோ பிள்ளை குளம் கட்டினது?” என்றார் தலைவர்.

“குளத்தில தண்ணி இருக்கிற வருசத்தில இந்தக் கேள்வியைக் கேளுங்கோ அண்ணை.”

எனக்கும் உள்ளுக்குள் நெல்தான் வேண்டியிருந்தது. வயல் என்றால் நெல். பயறு வீட்டு வளவில், பெண்கள் கைப்பிடியால் எறிந்துவிட்டு மறந்துபோகும் பயிர் என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான், ஆனாலும் அதைச் செய்து பிழைப்பவன் என்று பேர் எடுக்க ஒருவரும் விரும்பவில்லை. ஆனால் நெல் என்றால் நானாவின் காணி இல்லை. நானாவின் காணி இல்லையென்றால் எனக்கு வவுனியா. நான் கையை உயர்த்தினேன். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. தலைவர் கடைசியாக, காதைச் சொறிவது போல உயர்த்தினார்.

இரண்டாம் துருசுக்காரர் கலைந்து போகும்போது, “பயத்தங்காய்க் கமக்காரர் போகினம், வழி விடுங்கோ” என்று பகிடி பண்ணினார்கள். அந்தப் பெயர் எங்களுக்கு இரண்டு மாதம் ஒட்டிக்கொண்டு இருந்தது.

விதைப் பயறு வாங்க அக்காவும் நானும் மல்லாவிச் சந்தைக்குப் பஸ்ஸில் போய் வந்தோம். ஒவ்வொரு சாக்கிலும் ஒரு கைப்பிடி எடுத்து ஊதி, வண்டு குத்தியது இருக்கிறதா என்று பார்த்துத்தான் அக்கா வாங்கினார். உழவு மெசின் ஆறு ஏக்கரையும் ஒரே மூச்சில் உழுதது. நாங்கள் கயிறு பிடித்து, அளந்து, பங்குகளைப் பிரித்தோம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மேற்குப் பக்கத்துக் கடைசித் துண்டு விழுந்தது. எல்லை தெரிய வேண்டுமே என்று ஆளுக்காள் தங்கள் வீட்டு வேலியிலிருந்து தடி வெட்டிக்கொண்டு வந்து, கயிற்றோரமாக வரிசையாக ஊன்றினோம். ஒரே உயரத் தடிகள், ஒரே இடைவெளி. பார்க்க நேர்த்தியாக இருந்தது. விதைத்தோம். பிறகு தண்ணீர் பாய்ச்சினோம்.

நானா அந்த நேரம் பிள்ளைகளைப் பார்க்கப் புத்தளம் போயிருந்தார். திரும்பி வந்த அன்று காலை, தலைவரும் அக்காவும் நானும் கான்களில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். வாய்க்கால் மடையடியில் சைக்கிளை விட்டுவிட்டு வந்தவர், வயலோரத்தில் அப்படியே நின்றுவிட்டார். நான் அவருடைய கண் போன பக்கம் பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் அது தெரிந்தது.

எங்கள் தடிகள் எல்லாம் தளிர்த்திருந்தன. கிழக்கிலிருந்து மேற்காக, வரிசை வரிசையாக, பச்சை இலை.

அவை பூவரசந் தடிகள். பூவரசைக் கதியாலாக வெட்டி நட்டால் முளைத்து வேலியாகும் என்பது எங்கள் ஊரில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் எல்லோருடைய வேலியும் அதுதான். தடி வேண்டும் என்றதும் வேலிக்குப் போய் வெட்டினோம். ஊன்றும்போது வழக்கப்படி அடியில் மண் அணைத்து, குதிக்காலால் மிதித்தும் விட்டோம். கை பழகிய வேலையைக் கை செய்துவிட்டது. பத்துக் குடும்பத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. போதாததற்குத் தண்ணீரும் பாய்ச்சியிருந்தோம்.

“நான் வரம்பு கட்டாதேங்கோ எண்டன்” என்றார் நானா. சத்தம் போட்டுப் பேசவில்லை. “நீங்கள் வேலியெல்லோ போட்டு வச்சிருக்கிறியள்.”

“வேலியில்லை நானா, அது அடையாளத் தடி” என்றார் தலைவர்.

“அடையாளத்துக்கு ஏன் தலைவர் இலை?”

நானா மடையை நோக்கி நடந்தார். ஆறு ஏக்கருக்கும் தண்ணீர் போகிற மடை அது. ஒரு பலகையை இறக்கினால் தண்ணீர் நின்றுவிடும். பயறு இரண்டு இலை மூன்று இலையில் நின்றது. அதைப் பார்த்தபடி, இந்தப் போகமும் போய்விட்டது என்று நினைத்தேன். மனைவிக்கு எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்தேன்.

அக்கா கான் கரையிலிருந்து எழுந்தார். தன் பங்கின் ஓரத்துக்குப் போய் ஒரு தடியைப் பிடுங்கினார். அடியில் வெள்ளை வேர் விட்டிருந்தது. அடுத்ததைப் பிடுங்கினார். ஒரு வரிசையைப் பிடுங்கி முடித்து, கக்கத்தில் கட்டாக அணைத்துக்கொண்டு மடையடிக்குப் போனார்.

“இந்தாங்கோ நானா, என்ர வேலி. உங்கட ஆட்டுக்குப் போடுங்கோ.”

நானா அவரைப் பார்த்தார். கையிலிருந்த கட்டைப் பார்த்தார். அதன் பிறகு சிரித்தார். முதலில் வாய்க்குள், பின்பு தோள் குலுங்க.

“வேரும் விட்டிட்டுது” என்றார். “பிள்ளை, என்ர காணியில எது வச்சாலும் முளைக்கும். எனக்கே சில நேரம் பயமாக் கிடக்கு.”

நாங்கள் மற்றவர்களுக்கும் ஆள் அனுப்பி, மத்தியானத்துக்குள் எல்லாத் தடியையும் பிடுங்கினோம். கடைசி வரிசையை நானாவும் சேர்ந்து பிடுங்கினார். பலகையில் அவர் கை வைக்கவேயில்லை. அதற்காக நான் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

தடி போனதும் யாருடைய பயறு எது என்ற கேள்வி வந்தது. காய்ந்த தடி ஊன்றலாம் என்றேன். “இனித் தடியெண்ட கதை வேண்டாம்” என்று மனைவியே சொல்லிவிட்டாள். எல்லோரும் சேர்ந்து எல்லாக் காயையும் ஆய்வோம், களத்தில் வைத்து அளந்து பிரிப்போம் என்றார் அக்கா. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் களை எடுப்பவன். சிலர் எடுக்க மாட்டார்கள். அதை அவரிடம் சொன்னபோது, “எடுக்காதவையை நடுவில விட்டிட்டு ரெண்டு பக்கமும் நாங்கள் நிப்பம். வெக்கத்துக்காவது புடுங்குவினம்” என்றார். அப்படித்தான் நடந்தது. வரிசையாக இறங்கிக் களை எடுத்தோம். பிந்தி வந்தவர்களை மற்றவர்களின் வாயே கவனித்துக்கொண்டது.

ஆனியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பிடித்தது. சோளகம் எங்களுக்குப் புதிதில்லை. அந்த முறை முந்திப் பிடித்தது, விடாமலும் அடித்தது. வெயில் உறிஞ்சுவதைவிடக் காற்று குளத்தை அதிகம் நக்கியது. ஒவ்வொரு கிழமையும் நான் அளவுகோல் பார்க்கப் போனேன். என் கணக்கில் ஆடிக் கடைசி வரை ஓட வேண்டிய தண்ணீர், ஆனி முடியவே இரண்டரை அடிக்கு இறங்கியிருந்தது. அதற்குக் கீழே துருசால் நல்லபடி வராது. இரண்டாம் துருசின் நெல் அப்போது கதிரை உள்ளே வைத்துக்கொண்டு குடலையில் நின்றது. நெல்லுக்குத் தண்ணீர் மிக வேண்டிய நேரம் அது.

எங்கள் பயறோ காய் முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ச்சினால் நல்லது, விட்டாலும் பெரிய குறையில்லை. நானாதான் முதலில் சொன்னார்.

“எங்கட முறையை அவங்களுக்கு விடுங்கோ தம்பி. எங்களுக்கு இனித் தண்ணி ஆசைக்குத்தான்.”

விட்டோம். அது அவர்களுடைய வயலில் மேல் பக்கத்துத் துண்டுகளைக் காப்பாற்றியது. கீழ்ப்பக்கம் மணி பிடிக்காமல் வெளுத்துச் சாவியாகப் போனது. எங்களைப் பயத்தங்காய்க் கமக்காரர் என்று பகிடி பண்ணியவர்களில் ஒருவர் அங்கே வரம்பில் குந்தியிருந்து வெறும் கதிரைக் கையில் உருவிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். நாங்கள் நெல் விதைத்திருந்தால் அந்த இடத்தில் நான் இருந்திருப்பேன். எங்கள் புத்தியால் நாங்கள் தப்பவில்லை. காலநிலையைக் கணித்துப் பயறு விதைத்தோம் என்று பிறகு கூட்டங்களில் எங்களைப் பற்றிச் சொன்னவர்கள் உண்டு. தன் காணியில் இன்னொரு வரம்பைப் பார்க்க ஒரு மனிதரால் முடியவில்லை, அதனால் பயறு விதைத்தோம். உண்மை அதுதான்.

பயறு ஒரே நாளில் ஆய்ந்து முடிகிற பயிர் இல்லை. முற்ற முற்ற ஆய வேண்டும். இரண்டாம் துருசுக்காரரையும் கூப்பிட்டோம். ஆய்ந்தவருக்கு ஆய்ந்ததில் பங்கு. விடியற்காலையில், நெற்று வெடித்துக் கொட்டாமல் பனி ஈரம் இருக்கும்போதே வயலில் இறங்குவோம். வெயில் ஏறக் கரையேறுவோம். முதல் நாள் ஆய்ந்த பயற்றில் கொஞ்சத்தை நானா பெரிய பானையில் அவித்தார். என் மனைவி தேங்காய் துருவினாள். அக்கா சீனி போட வேண்டும் என்றார், தலைவர் உப்பும் மிளகாயும் என்றார். கடைசியில் இரண்டு பாத்திரமாகப் பிரித்தோம். மடையடியில் குந்தியிருந்து எல்லோரும் சாப்பிட்டோம். தலைவர் இரண்டிலும் சாப்பிட்டார்.

“பயறு விதைக்கவோ குளம் கட்டினது?” என்று அக்கா அவரைப் பார்த்துக் கேட்டார்.

“வாயில சாப்பாடு இருக்கேக்க கேள்வி கேக்காதை” என்றார் தலைவர்.

களத்தில் அளந்து பிரித்தபோது எங்கள் பங்கு வீட்டுக்குச் சைக்கிளில் மூன்று நடையாக வந்தது. அதில் ஒரு பகுதியைக் கொடுத்துக் காலபோகத்துக்கு விதை நெல் எடுத்தோம். வீட்டுக்கும் மிஞ்சியது. மனைவி ஒரு சிறிய பையில் நல்ல பயறாகப் பார்த்துப் புடைத்துப் போட்டு, வாயைத் தைத்து, வவுனியா போகிற ஒருவரிடம் தமையனாருக்குக் கொடுத்துவிட்டாள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தைக்காமல் விட்டிருந்தார்களாம், வழியில் கொஞ்சம் சிந்திவிட்டதாம். “என்ன சொல்லி அனுப்பினனீ?” என்று கேட்டேன். “ஒண்டும் சொல்லேல்லை. பயறைப் பாத்தால் அண்ணைக்கு விளங்கும்” என்றாள். அவருக்கு விளங்கியது. கடைக்கு வேறு ஆள் எடுத்துக்கொண்டார்.

ஆவணியில் நானாவின் காணியை ஒப்படைக்க வேண்டும் என்று நான் முறைப்படி போனேன். ஒப்படைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. வெட்ட வரம்பில்லை, பிடுங்கத் தடியில்லை. பயற்றங் கொடிகள் வேரோடு நிலத்தில் காய்ந்து கிடந்தன. அவர் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குறுக்காக நடந்தார். எதையும் தாண்டாமல், கால் தூக்காமல் நடந்தார். மறு கரையில் நின்று திரும்பிப் பார்த்து, “சரி தம்பி” என்று கையைக் காட்டினார். அந்தக் காலபோகத்தில் சுற்று வரம்போடு மட்டும் அவர் விதைத்த நெல் எங்கள் எல்லோருடையதையும்விடக் கடும் பச்சையாக நின்றது. பயறு விதைத்த மண் அப்படித்தான் என்று அக்கா சொன்னார். அந்த முறை புழுதி விதைப்பை நாங்கள் அவசரப்பட்டுச் செய்யவில்லை. முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவது மழைக்குப் பார்த்திருந்தோம். மழையைப் பழையபடி நம்புவதை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த பங்குனியில் குளம் கொஞ்சம் பரவாயில்லை, எட்டு அடி. இருந்தாலும் கடைசி வயல்களுக்குக் காணாது. மறுபடி மருதமரத்தின் கீழ்க் கூட்டம். இந்த முறை நான் கேட்கப் போகவில்லை. நானா தானாக எழுந்து நின்றார். புத்தளத்திலிருந்து அவருடைய மனைவியும் கடைசி மகளும் வந்து நின்ற நேரம் அது. தகரக் கொட்டிலுக்கு ஓர் அறை கூடியிருந்தது.

“காணியைப் பிரிச்சுச் செய்யுங்கோ” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “எட்டடி கிடக்கு. நெல்லுத்தான் வேணுமெண்டால் இந்த முறை வரம்பு கட்டுங்கோ. போகம் முடிய நான் வெட்டிக்கொள்ளுவன்” என்றார்.

அவர் அதைச் சொல்ல எவ்வளவு யோசித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் துருசுக்காரர்கூட எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

“வரம்பு கட்டி ஆருக்கு நானா முதுகு நோகும்? எங்களுக்குத்தானே. பயறே போடுவம்.”

“தடி?” என்றார் நானா.

“தடிக் கதை எடுத்தால் நான் எழும்பிப் போயிடுவன்” என்றார் அக்கா, மரத்தடியில் கால் நீட்டியபடியே.